தோற்றுக்கொண்டே இருக்கும் டீமுக்காக ரேடியோவில் பேசுவது எப்படி

சிகாகோவில் தினமும் காரில் வேலைக்குப் போய் வருபவர் என்றால் 670 ஸ்கோர், இ.எஸ்.பி.என். 1000 என்ற இரண்டு ரேடியோ நிலையங்களில் ஏதாவது ஒன்று உங்கள் காரில் ஓடிக்கொண்டிருக்கும். விளையாட்டைப் பற்றிய பேச்சுதான் அவற்றின் பிழைப்பு. இந்த ஊர் பேஸ்பால் டீமான ஒயிட் சாக்ஸின் ரசிகராக இருந்து, டீம் அடி மேல் அடி வாங்கும் சீசனில் அப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போன் போட்டு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜெயிக்கிற டீமைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசிவிடலாம். தோற்கிற டீமுக்குத்தான் தயாரிப்பு தேவை, ஏனென்றால் உங்கள் வாயில் இருக்கும் வார்த்தையை அன்று காலையிலிருந்தே பத்துப் பேர் பேசித் தீர்த்திருப்பார்கள்.

உதாரணத்துக்கு 2024 சீசனையே எடுத்துக்கொள்கிறேன், அதைவிட மோசமான உதாரணம் கிடையாது. முதல் 25 ஆட்டத்தில் 3 வெற்றி, 22 தோல்வி. ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை தொடர்ச்சியாக 21 தோல்வி. சீசன் முடிவில் 41 வெற்றி, 121 தோல்வி. 1962-ல் புதிதாகத் தொடங்கிய நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றிருந்தது, அதையும் தாண்டியாயிற்று. அடித்த ரன் 507, விட்டுக்கொடுத்த ரன் 813. சரி, இப்போது முதல் விஷயம்: இந்த எண்களை ரேடியோவில் சொல்லாதீர்கள். ஹோஸ்ட்டுக்கு எல்லாம் மனப்பாடம், கேட்பவர்களுக்கு வெறும் வயிற்றெரிச்சல். "இது டீமே இல்லை, எல்லோரையும் துரத்த வேண்டும்" என்று மட்டும் சொன்னால் "புரிகிறது, நன்றி" என்று உடனே அடுத்த காலருக்குப் போய்விடுவார்கள்.

நீங்கள் கொண்டுபோக வேண்டியது உங்கள் கண்ணால் பார்த்த ஒரே ஒரு காட்சி.

எப்படி என்று காட்டுகிறேன். 2024 மே 23, சிகாகோவில் பால்டிமோர் ஓரியோல்ஸுடன் ஆட்டம். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒயிட் சாக்ஸ் 6-8 என்று பின்தங்கி இருக்கிறது, மூன்று அவுட் ஆனால் முடிந்தது, இப்போது ஒரு அவுட், முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் ஆள் இருக்கிறது. ஆண்ட்ரூ பெனின்டெண்டி அடித்த பந்து இன்ஃபீல்டுக்கு, அதாவது பேஸ்கள் இருக்கும் உள்பகுதிக்கு, மேலேயே உயரமாக எழும்புகிறது. இப்படி எழும்பினால் ஃபீல்டர் பந்தைப் பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட்தான், அதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. ஃபீல்டர் வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டு இரண்டு பேரை அவுட் ஆக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. இரண்டாவது பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்த ஓரியோல்ஸ் ஃபீல்டர் கன்னர் ஹெண்டர்சனின் வழியில் இருந்தார் என்று அம்பயர் அவரையும் அவுட் கொடுத்தார். ஹெண்டர்சன் பந்தைச் சுலபமாகப் பிடித்தும்விட்டார். ஒரே பந்தில் இரண்டு அவுட், ஆட்டம் முடிந்தது.

இதற்கு நீங்கள் போன் போட்டு "அம்பயர் மோசம்" என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "பேட்டர் எப்படியும் அவுட், ஹெண்டர்சனுக்குப் பந்தும் கிடைத்துவிட்டது, அப்புறம் வான் தடுத்தது எதை? அந்த நேரத்தில் அவர் எங்கே நின்றிருக்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஹோஸ்ட் பதில் சொல்லியாக வேண்டும், கூட இருக்கும் இன்னொரு ஹோஸ்ட் மறுப்பார், உங்கள் கேள்வி நீங்கள் போனை வைத்த பிறகும் அரை மணி நேரம் ஓடும். நல்ல அரட்டை என்றால் அதுதான். அதைக் கிளப்பிவிடுவதுதான் காலரின் வேலை.

இனி போன் சமாச்சாரம். நீங்கள் டயல் செய்ததும் ஹோஸ்ட் எடுக்க மாட்டார், உள்ளே போன் எடுப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். பேர் என்ன, எந்த ஏரியா, என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்பார். மூன்றாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில் தயாராக இருக்க வேண்டும், இழுத்தால் லைன் கிடைக்காது. பிறகு ஹோல்டில் போடுவார்கள். முதல் தடவை நான் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தேன், கையில் நாலு பாயிண்ட் எழுதிய காகிதம். பேசக் கிடைத்தது ஒன்றுக்குத்தான், அதுவும் நாலில் கடைசியாக எழுதியது. அன்றிலிருந்து ஒன்றுக்கு மேல் எழுதுவதில்லை.

ஹோல்டில் இருக்கும்போதே ரேடியோவை முழுக்க அணைத்துவிடுங்கள். ஒலிபரப்பு சில விநாடி தாமதமாகத்தான் வரும், யாராவது கெட்ட வார்த்தை பேசிவிட்டால் வெட்டுவதற்காக வைத்த தாமதம். ரேடியோ ஓடினால் உங்கள் குரலே பின்னால் வந்து உங்களைத் தடுமாற வைக்கும். நிகழ்ச்சி போனுக்குள்ளேயே கேட்கும், அதைக் கவனித்தால் போதும். புளூடூத் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம், வண்டி ஓட்டிக்கொண்டு பேசவே வேண்டாம். லைனுக்கு வந்ததும் எப்படி இருக்கிறீர்கள், பல வருடமாகக் கேட்கிறேன், இதுதான் முதல் கால் என்றெல்லாம் ஆரம்பிக்காமல் நேரே காட்சிக்குப் போய்விடுங்கள்.

ஹோஸ்ட் குறுக்கே பேசுவார். அது மரியாதைக் குறைவு இல்லை, இந்த ஆட்டமே அப்படித்தான். அவர் கடைசியாகச் சொன்ன வரிக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு உங்கள் விஷயத்துக்குத் திரும்புங்கள். சிகாகோவின் இன்னொரு டீமான கப்ஸின் ரசிகராக இருக்கும் ஹோஸ்ட் சீண்டினால் 2005-ஐ ஒருமுறை எடுக்கலாம், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை 4-0 என்று வாரிச் சுருட்டி சாம்பியன் யார் என்று முடிவாகும் வேர்ல்டு சீரிஸை ஜெயித்த வருடம். இரண்டாவது முறை எடுத்தால் இன்றைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தமாகிவிடும்.

கோபப்படுங்கள், தாராளமாக. ஆனால் யார்மேல் என்பதில் தெளிவு வேண்டும். 2024 ஆகஸ்ட் 8-ல், ஆட்டத்தில் டீமை நடத்தும் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை நீக்கினார்கள், அப்போது வெற்றி-தோல்விக் கணக்கு 28-89. மிச்ச ஆட்டங்களுக்கு வந்த கிரேடி சைஸ்மோரின் கணக்கு 13-32. ஆள் மாறியது, நிலைமை பெரிதாக மாறவில்லை. ஆகவே மேனேஜரை மட்டும் திட்டுகிற கால் பாதிக் கால்தான். 1981 முதல் ஜெர்ரி ரெயின்ஸ்டார்ஃப் தலைமையில் இருக்கும் டீம் இது, ஆள் எடுக்கும் பொறுப்பு 2023 ஆகஸ்டிலிருந்து கிறிஸ் கெட்ஸிடம். உங்கள் புகார் யாருடைய மேசைக்குப் போக வேண்டியதோ அவர் பேரைச் சொல்லுங்கள். பேட்டிங் வராமல் தவிக்கும் இருபத்து மூன்று வயதுப் பையனின் வீட்டாரை இழுக்காதீர்கள், அந்த வீட்டிலும் ரேடியோ இருக்கும்.

ட்ரேட், அதாவது வீரர்களை இன்னொரு டீமோடு மாற்றிக்கொள்ளும் யோசனை சொல்பவர்கள் இன்னும் ஒரு படி யோசிக்க வேண்டும். 2024-ல் நம் பந்துவீச்சாளர் கேரட் க்ரோஷே 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், டிசம்பரில் அவரை பாஸ்டனுக்குக் கொடுத்து நாலு இளம் வீரர்களை வாங்கினார்கள். நல்ல சரக்கு கொடுத்தால்தான் நல்ல சரக்கு வரும். நமக்கு வேண்டாத இரண்டு பேரைக் கொடுத்து எதிராளியின் நட்சத்திரத்தை வாங்கலாம் என்று சொல்வதற்கு முன், எதிராளி ஏன் சம்மதிப்பான் என்பதற்கு ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று எனக்கு முக்கியம். டீமுக்கு வெளியே நின்று பேசாதீர்கள். 1988-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் சீசன் தொடங்கியதிலிருந்து வரிசையாக 21 ஆட்டம் தோற்றது. தோல்வி நீண்டுகொண்டே போனபோது அந்த ஊர் ரேடியோவில் பாப் ரிவர்ஸ் என்ற தொகுப்பாளர், டீம் ஜெயிக்கும்வரை நிகழ்ச்சியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். 258 மணி நேரம். ஏப்ரல் 29-ல் ஓரியோல்ஸ் 9-0 என்று ஜெயித்தது, அதுவும் சிகாகோவில், இதே ஒயிட் சாக்ஸிடம். தோற்கும் டீமோடு கூட உட்கார்ந்திருப்பது என்றால் எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வருவார். "நம்ம டீம்" என்கிற குரல் உங்கள் பேச்சில் இருந்தால் எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் கேட்பவர் கூடவே வருவார்.

ஜெயித்த நாளிலும் போன் போடுங்கள், இதை யாரும் செய்வதில்லை. 2024 செப்டம்பர் 24-லிருந்து மூன்று நாள், 121-வது தோல்வியை நேரில் பார்த்துவிடலாம் என்று மைதானத்துக்கு வந்தவர்கள் முன்னால் ஒயிட் சாக்ஸ் ஏஞ்சல்ஸை மூன்று ஆட்டமும் ஜெயித்தது. 27-ம் தேதி டெட்ராய்ட்டில் 4-1 என்று தோற்று அந்த 121-வது தோல்வி வந்தது, அதே ஆட்டத்தில் டெட்ராய்ட் டீம் பத்து வருடத்துக்குப் பிறகு சீசன் கடைசியில் வரும் பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது. அடுத்த இரண்டு நாளும் அதே டெட்ராய்ட்டை ஒயிட் சாக்ஸ் ஜெயித்தது. அந்த மாதிரி நாளில் எல்லோரும் பழைய தோல்வியையே பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அன்றைய வெற்றியில் பார்த்த ஒரு பந்துவீச்சை, ஒரு கேட்சைச் சொல்லுங்கள். லைனும் சீக்கிரம் கிடைக்கும்.