பனித்தெருவில் செங்கல் நிறம் கசிந்தால்

பனி மூடிய செங்கல் தெரு ஒன்றை வாட்டர்கலரில் வரைகிறேன். கும்பகோணத்து ஐப்பசி ஈரத்தில் வாட்டர்கலர் லேசில் காயாது. மேலே தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும். புறங்கையை வைத்தால் சில்லென்றிருக்கும்; உள்ளே இன்னும் ஈரம். அந்த நிலையில் சுவரைத் தீட்டியதால்தான் என் பனியெல்லாம் இளஞ்சிவப்பானது. ஹேர் டிரையரும் கைகொடுக்கவில்லை: வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் நிறம் படாமலிருக்கப் பூசும் ரப்பர் திரவமான மாஸ்கிங் ஃப்ளூயிட், சூடு பட்டதும் ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தாளையும் கிழித்தது.

இப்போது 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த பருத்தித்தாள், மாஸ்கிங் கிடையாது. கூரை, ஜன்னல் விளிம்புப் பனிக்கு வெறும் தாளையே விட்டுவிடுகிறேன். சுவருக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. காய ஒரு இரவு. பிறகு அங்கங்கே பத்துப் பதினைந்து செங்கல் மட்டும். எல்லாவற்றையும் வரைந்தால் சுவர் கட்டம்போட்ட லுங்கிதான்! பனி நிழலுக்குக் கோபால்ட் நீலம், துளி பர்ன்ட் சியன்னா, நிறையத் தண்ணீர். கறுப்பு கலந்தால் பனி சாம்பலாகிவிடும்.