கஞ்சா ஆயில், சாக்லேட், செயற்கைக் கஞ்சா: ஆம்புலன்ஸ் வருவதற்குள் வீட்டில் என்ன செய்ய வேண்டும்

108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக (வழியில் முதலுதவி செய்யும் அவசர மருத்துவப் பணியாளராக) தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். தொப்பூர் கணவாயில் லாரி விபத்து, கரும்புத் தோட்டத்தில் பாம்புக்கடி, மலைக்கிராமத்தில் பிரசவம் என்று போய்க்கொண்டிருந்த வேலையில் இப்போது இன்னொரு வகை அழைப்பும் சேர்ந்திருக்கிறது. "பையன் ஒரு மாதிரியா இருக்கான் சிஸ்டர், சீக்கிரம் வாங்க" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. போய்ப் பார்த்தால் ஒருவர் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருப்பார், ஒருவர் கன்னத்தில் தட்டிக்கொண்டிருப்பார், பாட்டி திருநீறு போட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் வந்து சேர்வதற்குள் கையில் இருக்கும் அந்த இருபது, முப்பது நிமிடம் மிகவும் முக்கியம். அதை எப்படிச் செலவிடுவது என்று பெற்றோருக்கும், அறைத் தோழர்களுக்கும், ஓசூர் சிப்காட் பக்கம் விடுதி நடத்துகிறவர்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், "கஞ்சாதானே, தூங்கினா தெளிஞ்சிடும்" என்பதை விடுங்கள்

இதைச் சொல்லும் பெரியவர்கள் தங்கள் காலத்துக் கஞ்சாவை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். 1995-இல் அதில் டி.எச்.சி. சராசரியாக 4 சதவீதம் இருந்தது. 2021-இல் 15 சதவீதம் ஆகிவிட்டது. கஞ்சா ஆயில், கஞ்சாவிலிருந்து எடுத்த மெழுகு, வேப் என்கிற மின் சிகரெட்டில் ஊற்றும் திரவம் ஆகியவற்றில் 60 முதல் 90 சதவீதம் வரை இருக்கும். நம் பையன்கள் "ஓ.ஜி." என்று சொல்வது கட்டடத்துக்குள் விளக்கு வைத்து வளர்த்த உயர் ரகம். அதுவும் வீரியம் கூடியதுதான்.

ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. டி.எச்.சி. 10 சதவீதத்துக்கு மேல் உள்ள கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு, எடுக்காதவர்களைவிட கிட்டத்தட்ட 5 மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது.

செயற்கைக் கஞ்சா இதைவிட மோசம். அது செடியே இல்லை. அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்ற வேதியியலாளர் ஆராய்ச்சிக்காகச் செய்த சேர்மங்களில் ஒன்று ஜே.டபிள்யூ.எச்.-018. 2008-இல் அதை ஜெர்மனியில் "மூலிகைப் புகை" பொட்டலங்களில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றைத் தடை செய்தால் இன்னொன்று என்று நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. டி.எச்.சி. மூளையிலுள்ள ஏற்பியை (போதைப் பொருள் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் இடத்தை) ஓரளவுக்குத்தான் தூண்டும். இவை முழுவதுமாகத் தூண்டும். 2016-இல் நியூயார்க்கில் ஒரே நாளில் 33 பேர் சாலையில் நடைபிணம் போல நின்றார்கள். அதற்குக் காரணமான பொருளின் வீரியம் டி.எச்.சி.யைப் போல 85 மடங்கு.

இந்த ரசாயனத்தைக் கரைத்து ஏதோ ஒரு காய்ந்த இலையின்மேல் தெளிக்கிறார்கள். உப்பு சரியாகக் கரையாத களியில் ஓர் உருண்டை சப்பென்றும் இன்னொன்று வாயில் வைக்க முடியாமலும் இருக்குமே, அப்படித்தான் இதுவும். ஒரே பொட்டலத்தில் இரண்டு பேர் புகைத்து, ஒருவன் சும்மா இருக்க மற்றவனுக்கு வலிப்பு வருவது இதனால்தான். "நானும்தான் அடிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று நண்பன் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எப்போது 108, எப்போது வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்

கண் சிவந்திருக்கிறது, வாய் உலர்கிறது, நெஞ்சு படபடக்கிறது, "செத்துருவேன் போல இருக்கு" என்று பயப்படுகிறான், ஆனால் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறான் என்றால் சத்தமில்லாத அறையில் உட்கார வைத்து ஒருவர் மட்டும் கூடவே இருங்கள். "இறங்கிடும், நான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கேட்டால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். திட்டுவதையும் விசாரணையையும் நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனியாக மட்டும் விடாதீர்கள்.

எழுப்பினால் எழவில்லை, வலிப்பு, நெஞ்சுவலி, மூச்சு வாங்குகிறது, உடம்பு கொதிக்கிறது, நாடி நிமிடத்துக்கு 120-க்கு மேலேயே நிற்கிறது, யாரென்று தெரியாமல் அடிக்க வருகிறான், வாந்தி நிற்கவே இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் 108. என்ன எடுத்தான் என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

நெஞ்சுவலியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். "இருபத்திரண்டு வயசுதானே, கேஸாத்தான் இருக்கும்" என்று சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுத் தாமதமாகக் கூப்பிடுகிறார்கள். கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு 4.8 மடங்கு கூடுகிறது என்று 2001-லேயே கணக்கிட்டிருக்கிறார்கள். வயதைப் பார்க்காமல் ஈ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும்.

மயங்கிக் கிடப்பவருக்கு

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாய் தரையைப் பார்த்தபடி. வாந்தி வந்தால் வெளியே வழிந்துவிடும். மல்லாக்கப் படுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். கஞ்சாவைவிட இந்த வாந்திதான் சில நேரம் ஆளைக் கொல்லும். அதனால்தான் எலுமிச்சம்பழச் சாறு, மோர், புளித்தண்ணீர், உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம் என்கிறேன். விழிப்பில்லாத வாய்க்குள் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். அன்போடுதான் ஊற்றுகிறீர்கள் என்று தெரியும், ஆனாலும் வேண்டாம்.

வயிற்றின்மேல் கை வைத்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 12 முதல் 20 வரை சரி. 10-க்குக் கீழே போனால் 108-க்கு மறுபடி கூப்பிட்டு அதைச் சொல்லுங்கள். அப்படியே கண்ணிமையைத் தூக்கிப் பாருங்கள். கருவிழியின் நடுப்புள்ளி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கி, மூச்சும் மெதுவாக இருந்தால் கஞ்சாவோடு டேபென்டடால் போன்ற வலி மாத்திரையும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு நலாக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. கஞ்சாவுக்கு அப்படி ஒன்று கிடையாது.

மூச்சே இல்லையென்றால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் 5 செ.மீ. இறங்கும் அளவுக்கு அழுத்துங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. நாங்கள் வரும்வரை நிறுத்தக் கூடாது.

வலிப்புக்கு இரும்புச் சாவி வேண்டாம், பல்லுக்கு இடையில் ஸ்பூன் வேண்டாம். தலைக்குக் கீழே துணி வைத்து, பக்கத்திலிருக்கும் கல், கட்டில் கால் எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அடங்கியதும் ஒருக்களித்துவிடுங்கள்.

முரண்டு பிடிப்பவரைக் கயிற்றால் கட்டிக் குப்புறப் படுக்க வைத்து மேலே உட்காருகிறார்கள். மூச்சு முட்டி உயிர் போய்விடும். கூட்டத்தைக் கலைத்துவிட்டு, அரிவாள், கட்டை போன்றவற்றை அப்புறப்படுத்திவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பேசுங்கள். உடம்பு சுட்டால் சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் துடையுங்கள்.

சாக்லேட்

எனக்கு அதிகப் பயம் இதில்தான். இந்தி எழுத்து அச்சடித்த உறை, மேலே ஆயுர்வேத மருந்து என்று போட்டிருக்கும், உள்ளே பாங்கு (கஞ்சா இலையை அரைத்துச் செய்வது) கலந்த உருண்டை. வேலைக்கு வந்த இடத்தில் அலுப்புத் தீர ஒன்று போட்டுக்கொண்டு, மிச்சத்தைச் சட்டைப் பையில் வைப்பார்கள். வீட்டில் குழந்தை இருக்கும்.

புகைத்தால் சில நிமிடங்களில் ஏறிவிடும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. கல்லீரலில் அது இன்னும் வலுவான பொருளாக மாறித்தான் மூளைக்குப் போகிறது. பெரியவர்கள் "ஏறலையே" என்று இரண்டாவது, மூன்றாவதைப் போட்டுக்கொள்வது இந்த இடைவெளியில்தான். ஏறினால் எட்டு, பத்து மணி நேரம்கூட இருக்கும்.

ஒரு தொழிலாளர் லைன் வீட்டில் இரண்டரை வயதுக் குழந்தை நட்ட நடுப்பகலில் தூங்கி, எழுப்பினால் கழுத்து தொங்கியது. காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை. சர்க்கரை பார்த்தேன், சரியாக இருந்தது. கட்டிலுக்கடியில் கிடந்த உறையை அந்தப் பிள்ளையின் அக்காதான் எடுத்துக் காட்டினாள். அதை அப்படியே கையில் கொண்டுபோனதால் மருத்துவர் வேறு எதையும் தேடி நேரத்தை வீணாக்கவில்லை. ஓர் இரவு மூச்சைக் கண்காணித்தார்கள், மறுநாள் பால் குடித்தது. குழந்தை தின்றுவிட்டதென்று சந்தேகம் வந்தாலே போதும், நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். தூங்கவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

மறைக்காதீர்கள்

"ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலைங்க சிஸ்டர்." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அம்மாக்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. ஊர் வாய்க்குப் பயம், போலீஸுக்குப் பயம். ஆனால் எங்களுக்கு வேண்டியது ஐந்து பதில்கள்தான்: என்ன பொருள், புகைத்தானா தின்றானா வேப்பா, எப்போது, கூட சாராயமோ மாத்திரையோ உண்டா, ஏற்கெனவே வலிப்பு, இதய நோய், மனநல மாத்திரை ஏதும் இருக்கிறதா. மிச்சப் பொட்டலம், உறை, வேப் குச்சி எது கிடைத்தாலும் ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். செயற்கைக் கஞ்சா வழக்கமான சிறுநீர் சோதனையில் தெரியாது. "டெஸ்ட் நெகட்டிவ்" என்று வரும், ஆனால் பையன் பிதற்றிக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் தகவலை வைத்துத்தான் வைத்தியம்.

மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடக்கூடும். அதனால் சிகிச்சை நிற்காது. போதைப்பொருள் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ வழக்குக்கு உள்ளான அடிமை, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம்.

வீடு திரும்பிய பிறகும் சில வாரம் கவனியுங்கள். 2018-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் செயற்கைக் கஞ்சாவில் ரத்தத்தை உறையவிடாத எலி மருந்து கலந்திருந்தது. 150-க்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது, சிலர் இறந்தார்கள். ஈறிலோ சிறுநீரிலோ ரத்தம் வந்தால் உடனே போங்கள். சிறுநீர் குறைந்தாலும் போங்கள், இந்தப் பொருள்களில் சில கிட்னியைக் கெடுக்கும். வேப் பிடிப்பவருக்கு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் சளி என்று விடக் கூடாது. 2019-லிருந்து 2020 தொடக்கம் வரை அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் கெட்டு 2,800 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் பயன்படுத்தியது டி.எச்.சி. திரவம். நம் நாட்டில் 2019-லேயே வேப்புக்குத் தடை வந்துவிட்டது. கள்ளத்தனமாக வருவதில் என்ன இருக்கிறதென்று யார் சொல்ல முடியும்?

வாந்தியும் வெந்நீரும்

வாரக்கணக்கில் வாந்தி, வயிற்று வலி. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாயிற்று, மாட்டை விற்றுக்கூடச் செலவு செய்திருப்பார்கள். ஒரு கேள்வி கேளுங்கள்: "சுடுதண்ணியில குளிச்சா நிம்மதியா இருக்கா?" ஒரு நாளைக்கு நாலைந்து முறை வெந்நீரில் குளிக்கிறான் என்றால், பல மாதமாகத் தினமும் கஞ்சா எடுப்பதால் வரும் வாந்தி நோயாக இருக்கலாம். 2004-இல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு மலைப்பகுதியில் முதலில் இதை அடையாளம் கண்டார்கள். சாதாரண வாந்தி ஊசி பெரும்பாலும் கேட்காது. தண்ணீர்ச் சத்து குறைந்து கிட்னி பாதிக்காமல் டிரிப் போட வேண்டும். கஞ்சாவை நிறுத்தினால் சரியாகிவிடும், மறுபடி தொட்டால் திரும்பி வரும். மருத்துவரிடம் நீங்களே "கஞ்சா பழக்கம் இருக்கு, வெந்நீர்க் குளியல் இருக்கு" என்று சேர்த்துச் சொன்னால் பாதிச் செலவு மிச்சம்.

பேச்சும் நடத்தையும் மாறினால்

தூக்கம் இல்லை, யாரோ பின்தொடர்கிறார்கள் என்கிறான், காதில் குரல் கேட்கிறது. காத்துக் கருப்பு என்று பூசாரியிடம் நாள் கடத்தாதீர்கள். கோயிலுக்குப் போங்கள், நானும் போகிறவள்தான். ஆனால் அதே நாளில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, கிருஷ்ணகிரிக்காரர்கள் போலுப்பள்ளியிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் காட்டிவிட்டுப் போங்கள். அவன் சொல்வதைப் பொய் என்று வாதாடாதீர்கள், ஆமாம் என்றும் ஒத்துக்கொள்ளாதீர்கள். "உனக்குப் பயமா இருக்கு, டாக்டர்கிட்ட போலாம் வா" என்றால் போதும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் பூட்டி வையுங்கள்.

நிறுத்தும்போது முதல் வாரம்தான் கடினம்: எரிச்சல், வியர்வை, பசியின்மை, தூக்கமின்மை. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். தூக்கம் மட்டும் சரியாக இன்னும் கொஞ்சம் நாளாகும். பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் 14416, போதை மீட்பு உதவி எண் 14446. இரண்டும் இலவசம்.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் யார், எந்தக் கிழமை வருகிறார், நாங்கள் எப்போது வந்து பையனைப் பார்க்கலாம் என்று கேளுங்கள். "சேர்த்துட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று பதில் வந்தால் பையனைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்து வந்துவிடுங்கள்.