ஏஞ்சல் மீனில் நல்ல தாய் மீன் (குஞ்சு எடுக்க வைக்கும் ஆணும் பெண்ணும்) தேடுவது எப்படி

"ஜோடி ரெடியா இருக்கு, அடுத்த வாரமே முட்டை வைக்கும்" என்று கடையில் சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். நன்றாக முட்டை வைத்து, குஞ்சு பொரித்து, வளர்த்தும் காட்டுகிற ஜோடியை யாரும் சும்மா விற்க மாட்டார்கள், ஏன் விற்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். வயதாகி முட்டை குறைந்திருக்கலாம், முட்டையைத் தின்னும் பழக்கம் இருக்கலாம், அல்லது அது ஜோடியாகவே இல்லாமல் இருக்கலாம். எனக்கு இது நடந்திருக்கிறது. அதிக விலை கொடுத்து வாங்கிய ஜோடி மூன்று முறை முட்டை வைத்தது, மூன்று முறையும் மறுநாளே அத்தனை முட்டையும் வெள்ளையாகிவிட்டது. நான்காவது முறை முட்டை வைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், இரண்டுமே முட்டை வைத்துக்கொண்டிருந்தன. ஏஞ்சலில் ஆண் இல்லாவிட்டால் இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்து, இடம் பிடித்து, இலையைச் சுத்தம் செய்து, எல்லாச் சடங்கும் முடித்து முட்டை வைக்கும். குஞ்சு மட்டும் வராது.

இப்படி ஏமாறக் காரணம் எளிது. ஏஞ்சல் சேர்ந்த சிக்லிட் குடும்பத்தில் பல மீன்களை நிறத்தை வைத்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம், ஏஞ்சலில் முடியாது. நெற்றி புடைத்திருந்தால் ஆண் என்பார்கள், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பெண்ணுக்கும் நெற்றி புடைக்கும். நம்பக்கூடிய அடையாளம் ஒன்றுதான்: முட்டை வைக்கும் நேரத்தில் வயிற்றுக்கு அடியில் நீட்டிக்கொண்டு வரும் சின்னக் குழாய். பெண்ணுக்கு அது தடிப்பாக, முனை மழுங்கி இருக்கும். ஆணுக்கு மெல்லியதாக, கூராக, கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்திருக்கும். மற்ற நாளில் அது வெளியே தெரியாது, அதனால் கடைத் தொட்டியில் நின்றுகொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகவே ஜோடி வாங்காமல் குஞ்சு வாங்குங்கள். ஐந்து ரூபாய் நாணய அளவு உடம்பு வந்த குஞ்சுகள், ஆறுக்குக் குறையாமல், முடிந்தால் எட்டு. எட்டில் ஆணும் பெண்ணும் கலந்து வராமல் போவது மிக அரிது. அவை தாமே ஜோடி சேரும், நாம் சேர்த்துவைக்கும் ஜோடியைவிட அது பெரும்பாலும் சண்டையில்லாமல் இருக்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் கஷ்டம்.

எங்கே தேடுவது? சென்னையில் இருப்பவர்களுக்கு வண்ண மீனுக்குப் பேர்போன கொளத்தூரைச் சொல்லவே வேண்டாம். மதுரைப் பக்கம் கத்தக்கிணறு ஊரில் வண்ண மீன் வளர்ப்பு நிறைய நடக்கிறது. ஆனால் ஊரைவிட ஆள்தான் முக்கியம். தன் வீட்டிலோ பண்ணையிலோ தானே குஞ்சு எடுத்து, "இதோ இதுதான் தாய், இதுதான் தகப்பன்" என்று காட்டக்கூடியவரிடம் வாங்குவது எப்போதும் மேல். பல கை மாறி வந்த மீனின் வயதோ வம்சமோ விற்பவருக்கே தெரியாது. தாய் தகப்பன் இரண்டும் பெரிய உடம்போடு, நிமிர்ந்த துடுப்போடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. தாய் தகப்பனைத் தாமே குஞ்சு வளர்க்க விடுகிறாரா, அல்லது முட்டையை எடுத்துத் தனியே பொரிக்கிறாரா என்றும் கேளுங்கள். தாய் தகப்பன் வளர்த்த குஞ்சு கிடைத்தால் நான் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குவேன்.

இனித் தொட்டிக்கு முன்னால் நில்லுங்கள். எல்லாரும் செய்யும் தவறு, போனவுடன் அழகான ஒரு மீனைக் கண்ணால் பிடித்துக்கொள்வது. முதலில் மொத்தக் கூட்டத்தையும் பாருங்கள். ஒரே ஈட்டுக் குஞ்சுகள் நூறு நிற்கின்றன என்றால் அவற்றில் எத்தனைக்குத் துடுப்பு வளைந்திருக்கிறது, எத்தனைக்குச் செவுள் மூடி குட்டையாக இருக்கிறது, அளவு எவ்வளவு ஏறுமாறாக இருக்கிறது? கூட்டத்தில் குறை அதிகமாக இருந்தால் அதில் ஒரு மீன் மட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், அந்தக் குறை அதன் ரத்தத்திலும் இருக்கலாம், வெளியே தெரியாமல். செவுள் குறை எல்லாமே பரம்பரை அல்ல, அழுக்குத் தண்ணீரில் நெருக்கமாக வளர்ந்தாலும் வரும். ஆனால் கடையில் நின்று எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது, அதனால் இரண்டையும் ஒன்றாகவே எண்ணி ஒதுக்குங்கள்.

கூட்டம் நன்றாக இருந்தால் அப்புறம் மீன் மீனாகப் பாருங்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது உடம்பு வட்டத்துக்குப் பக்கமாக இருக்க வேண்டும். முதுகுத் துடுப்பும் கீழ்த் துடுப்பும் நிமிர்ந்து விரிந்திருக்க வேண்டும். வயிற்றின் கீழ் நூல் மாதிரி தொங்கும் இரண்டு துடுப்பும் ஒரே நீளத்தில், முறியாமல், வளையாமல் இருக்க வேண்டும், ஏஞ்சலில் முதலில் குறை தெரிவது இங்கேதான். மூக்குக்கு மேலே நெற்றியில் பள்ளம் கூடாது. வாய் நேராக மூட வேண்டும். நேர் முன்னால் இருந்தும் பாருங்கள், இரண்டு செவுள் மூடியும் சரியாக மூடுகின்றனவா, ஒரு பக்கச் செவுளை மட்டும் ஆட்டி மூச்சு விடுகிறதா என்று அப்போதுதான் தெரியும். உடம்பு சிறியது, கண் மட்டும் பெரியது என்றால் அது இளசு அல்ல, வளர்ச்சி நின்றுபோன வயதான மீன். கிழிந்த வால் வளர்ந்துவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

சாப்பாடு போடச் சொல்லிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். நல்ல மீன் ஓடி வந்து அள்ளும். வாயில் வாங்கித் துப்புகிற மீன், மூலையில் கறுத்து நிற்கிற மீன், வெள்ளையாக நூல் போல மலம் தொங்குகிற மீன் ஒன்று இருந்தாலும் அந்தத் தொட்டியில் எதையும் எடுக்க மாட்டேன், ஏனென்றால் குடல் ஒட்டுண்ணி இருந்தால் அது அந்த ஒரு மீனோடு நிற்பதில்லை.

தண்ணீர் பற்றிக் கேட்க மறக்காதீர்கள். ஆர்ஓ தண்ணீர் கலந்து வளர்த்த மீனைக் கொண்டுவந்து உப்பேறிய போர் தண்ணீரில் ஒரேயடியாக விட்டால் தாங்காது. அவருடைய தொட்டியின் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) எவ்வளவு, உங்கள் வீட்டில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள், வித்தியாசம் அதிகமாக இருந்தால் முதலில் அவர் தண்ணீருக்குப் பக்கமாக வைத்து இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல உங்கள் தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள்.

நிறம் பற்றி இரண்டு வார்த்தை. கறுப்பு பிடிக்கும் என்று முழுக் கறுப்பையும் முழுக் கறுப்பையும் சேர்க்க ஆசைப்படுகிறார்கள். கறுப்புக்கான ஜீன் இரட்டையாகச் சேரும் குஞ்சுகள் பொதுவாகப் பலவீனமானவை, நிறைய போய்விடும். பிளாக் லேஸ் (கறுப்பு ஜீன் ஒன்று மட்டும் உள்ள, கருமை கூடிய வகை) மீனையும் கோல்டன் (பொன்னிற வகை) மீனையும் சேர்த்தால் ஏறக்குறைய பாதிக் குஞ்சு கறுப்பாக வரும், அவை திடமாகவும் இருக்கும். நீளத் துடுப்புள்ள "வெயில்" (veil) வகையிலும் இப்படித்தான், இரண்டும் வெயிலாக இருந்தால் கால்வாசிக் குஞ்சுக்குத் துடுப்பு மிக நீண்டு, நிமிராமல் தொய்ந்துவிடும். ஒன்று வெயில், ஒன்று சாதாரணத் துடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோல்டனும் ஆல்பினோவும் மறைந்து வரும் குணங்கள், வெள்ளி நிறத் தாய் தகப்பனிடமிருந்தும் வரும், அதனால்தான் வம்சம் கேட்கச் சொல்கிறேன்.

ஆப்பிரிக்க சிக்லிட் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி இதே வழிதான், ஒன்றே ஒன்று கூடுதல். மலாவி ஏரி மீன்கள் கலந்து விட்ட தொட்டியிலிருந்து தாய் மீன் எடுக்காதீர்கள், அவை ஒன்றோடொன்று எளிதாகக் கலப்பாகும், பெண்கள் பல பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ரொம்பச் சின்ன வயதிலேயே பளபளவென்று நிறம் ஏறிய பீகாக் (மலாவி ஏரியின் ஒரு வண்ண சிக்லிட் வகை) கூட்டம் முழுவதும் "ஆண்" என்றால் ஹார்மோன் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு, இனப்பெருக்கத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

சரி, எட்டுக் குஞ்சு எடுத்துவிட்டீர்கள். நான் நாலை ஓரிடத்திலும் நாலை வேறொருவரிடமும் எடுப்பேன். அண்ணன் தங்கையைச் சேர்த்தால் ஒரு தலைமுறையில் பெரிதாக எதுவும் ஆகாது, அதையே தொடர்ந்தால் உடம்பு சிறுத்து, முட்டை குறைந்து, குறைகள் வெளியே வரத் தொடங்கும். இரண்டு கூட்டத்தையும் தனித்தனித் தொட்டியில் நாலு வாரம் வையுங்கள், வலையும் குழாயும்கூடத் தனி. பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நாலு வாரம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாமல், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று எடுத்து ஒரு சின்னத் தொட்டியில் இரண்டு வாரம் சேர்த்து வையுங்கள். தனித்தனியே நன்றாக இருந்த இரண்டு கூட்டம் கலந்த பிறகு மொத்தமாக நோயில் விழுவது ஏஞ்சலில் உண்டு. இரண்டு மீனைப் பணயம் வைப்பது எட்டையும் இழப்பதைவிட மேல்.

வளர்க்க மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி எட்டுக்குப் போதும், அதில் ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். உயரம் குறைந்த தொட்டியில் துடுப்பு கெடும். வெப்பம் 27, 28 டிகிரி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், வாரத்தில் பாதித் தண்ணீர் மாற்றம். தினம் இரண்டு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனம், இடையில் ஆர்ட்டீமியா (உப்புநீரில் வளரும் சின்ன இறால் போன்ற உயிர்), கொசுப்புழு. சாக்கடையில் எடுத்த செம்புழுவைத் தாய் மீனுக்கு வைக்கும் மீனுக்குப் போடவே வேண்டாம். இந்த மாதங்களில்தான் உண்மையான தேர்வு நடக்கும், வாங்கும்போது தெரியாத வளைவு மூன்றாம் நான்காம் மாதத்தில் தெரியும், அந்த மீனை அழகுத் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். தெரிந்தவருக்குக் கொடுத்தால் "இதில் குஞ்சு எடுக்காதீர்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். ஏரியிலோ கிணற்றிலோ எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது.

ஒரு நாள் இரண்டு மீன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும், அகலமான இலையையோ ஃபில்டர் குழாயையோ வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். அந்த இரண்டையும் 70, 80 லிட்டர் தொட்டிக்கு மாற்றி, சாய்த்து வைத்த ஸ்லேட் கல்லோ பிவிசி குழாய்த் துண்டோ கொடுங்கள். முதல் ஒன்றிரண்டு முறை முட்டையைத் தின்றுவிட்டால் ஜோடியைக் கழித்துவிடாதீர்கள், இளம் ஜோடிகள் அப்படித்தான். ஒரு நாள் கழித்து முட்டையைப் பாருங்கள்: மஞ்சள் பழுப்பாகத் தெளிவாக இருப்பது உயிருள்ளது, வெள்ளையானது கருவாகாதது. எல்லாமே வெள்ளை என்றால் இரண்டும் பெண்ணா என்று குழாயைப் பாருங்கள், ஆண் மிக இளசாக இருக்கலாம், தண்ணீர் கடினமாக இருக்கலாம். பாதி ஆர்ஓ கலந்தே தீர்ந்த பிரச்சினைகள் உண்டு. 28 டிகிரியில் இரண்டு, இரண்டரை நாளில் பொரியும், இன்னும் நாலைந்து நாளில் குஞ்சு நீந்தும்.

ஒரு நோட்டு வையுங்கள். எந்த மீன் எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் முட்டை, சுமாராக எத்தனை, எத்தனை பொரிந்தது, நாணய அளவு வந்தபோது எத்தனைக்குக் குறை. மூன்று ஈடு இப்படி எழுதிய பிறகுதான் நான் ஒரு ஜோடியை நல்ல ஜோடி என்று சொல்வேன். நானூறு முட்டை வைத்து நாற்பது நல்ல குஞ்சு தரும் ஜோடியைவிட, இருநூறு வைத்து நூற்றைம்பது தரும் ஜோடியைத்தான் வைத்துக்கொள்வேன். முட்டையை எடுத்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி வைத்துவிடும் என்பதற்காகத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டாம், நாலைந்து ஈட்டுக்குப் பிறகு நடுவில் கண்ணாடி தடுத்து ஒரு மாதம் ஓய்வு கொடுத்து நல்ல தீவனம் போடுங்கள். மீதியுள்ள ஆறில் இன்னொரு ஜோடி சேரும், அதையும் விட்டுவிடாமல் வளர்த்து வையுங்கள், முதல் ஜோடிக்கு மூன்று வயது தாண்டி முட்டை குறையும்போது அது கையில் இருக்கும்.