கண்ணாடிக்குள் ஆவி படிகிறதா? குளிரிலும் ஏசியைப் போடுங்கள்

குளிர் நாட்டுக்கு வந்த புதிதில் கார் ஓட்டும் எல்லோருக்கும் இது நடக்கும். காலையில் வண்டியை எடுத்து இரண்டு தெரு தாண்டுவதற்குள் முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாக மூடிக்கொள்ளும். வைப்பரைப் போட்டுப் பார்ப்போம், ஒன்றும் ஆகாது. பிறகு சட்டைக் கையால் துடைப்போம். துடைத்த இடம் அரை நிமிடத்தில் மறுபடி மங்கும். நானும் என் முதல் குளிர்காலம் முழுக்கத் துடைத்துக்கொண்டேதான் ஓட்டினேன். ஏசி பட்டனை மட்டும் தொடவில்லை. நடுங்குகிற குளிரில் யாராவது ஏசி போடுவார்களா என்ற நினைப்புதான்!

அந்த நினைப்பை முதலில் விட வேண்டும். ஏசி காற்றைக் குளிர வைப்பது மட்டுமில்லை, காற்றிலுள்ள ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. வெயில் காலத்தில் ஏசி போட்டு நிறுத்திய காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுமே, அது இப்படிப் பிழிந்த ஈரம்தான். ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால், ஈரம் நீங்கிய காற்று சூடாகிக் கண்ணாடியில் படும். உள்ளே குளிராது. எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

இரண்டாவது, காற்றை உள்ளேயே சுற்றவிடும் பட்டன். கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்டிருக்கும். வெப்ப நாட்டில் ஓட்டிப் பழகியவர்கள் இதை எப்போதும் போட்டே வைத்திருப்போம். சீக்கிரம் குளிரும், புகையும் தூசியும் வராது. குளிர்காலத்தில் நமக்கு எதிரி இந்தப் பழக்கம்தான். மூச்சிலிருந்தும் ஈர உடையிலிருந்தும் வரும் ஆவி வெளியே போக வழியில்லாமல் நேராகக் கண்ணாடியில் போய் ஒட்டும். அதை அணைத்து வெளிக்காற்றை உள்ளே விடுங்கள்.

“வெளியே மழை பெய்கிறது, அந்த ஈரக்காற்றையா உள்ளே விடுவது?” என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. நியாயமான சந்தேகம். ஆனால் குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியை வைத்திருக்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூட முழுதாக வராது. அதனால் மழைநாளின் குளிர்காற்றையும் சூடாக்கினால் அது வறண்ட காற்றாகிவிடும், கண்ணாடியின் ஈரத்தை உறிஞ்சும். உறைநிலை அளவுக்குக் குளிரும்போது பல கார்களில் ஏசி தானாகவே வேலை செய்யாது. அப்போது கவலை வேண்டாம், வெளிக்காற்றும் ஹீட்டருமே போதும்.

ஆகவே வண்டியில் ஏறியதும் வெளிக்காற்று, ஏசி, விசிறி வேகமாக, சூடு முழுதாக, காற்று முன்கண்ணாடிப் பக்கம். வளைந்த கண்ணாடிப் படமும் மேலே போகும் மூன்று நெளி அம்புகளும் உள்ள பட்டனை அழுத்தினால் பல கார்களில் இது எல்லாம் ஒரே தட்டில் நடந்துவிடும். செவ்வகப் படம் போட்டது பின்கண்ணாடிக்கானது. அங்கே தெரியும் மெல்லிய கோடுகள்தான் கண்ணாடியைச் சூடாக்கும் கம்பிகள். அவற்றைச் சுரண்டவோ ஸ்டிக்கர் ஒட்டவோ கூடாது. எஞ்சின் சூடாகச் சில நிமிடம் ஆகும். அதுவரை இரண்டு ஜன்னல்களை விரல் அளவு இறக்கி வைத்தால் ஆவி வெளியேறும். கண்ணாடி தெளியும்வரை கிளம்ப வேண்டாம். வெளியே சரியாகத் தெரியாமல் ஓட்டுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். காத்திருக்கிறோம் என்று மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடவும் கூடாது; கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும்.

தெளிந்த உடனே ஏசியை அணைப்பதும் ஒரு தவறு. ஏசிக்குள் குளிர்ந்த தகடுகளில் நிற்கும் ஈரம் மறுபடி காற்றோடு கலந்து, ஓடும்போதே கண்ணாடியைச் சட்டென்று மூடிவிடும். போய்ச் சேரும்வரை ஓடட்டும்.

இவ்வளவும் செய்து தினமும் மங்கினால், காருக்குள் எங்கோ தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். கால் மேட்டைத் தூக்கி அடியில் கையை வைத்துப் பாருங்கள். பனி ஒட்டிய ஷூ, நனைந்த குடை, டிக்கியில் மறந்துபோன ஈரத்துண்டு எல்லாம் இரவு முழுக்க ஆவியாகிக்கொண்டே இருக்கும். விடியும்போது அது கண்ணாடியின் உள்பக்கமே பனிக்கட்டியாக உறைந்து நிற்கும். அதற்காகக் கொதிநீரை ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். மேட்டுகளை வீட்டுக்குள் கொண்டுபோய்க் காய வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை ஒன்றை டேஷ்போர்டில் வைத்தால் ஓரளவு உதவும். கால்மேட் சொதசொதவென்று இருந்தால் அந்தப் பையால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

கண்ணாடி அழுக்காக இருந்தாலும் ஆவி சீக்கிரம் பிடிக்கும். மாதம் ஒருமுறை உள்பக்கத்தைக் கண்ணாடி கிளீனர் தெளித்து மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். கையால் துடைத்த எண்ணெய்த் தடத்தில்தான் இரவில் எதிர் வண்டி வெளிச்சம் சிதறிக் கண் கூசும். ஏசி ஃபில்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது அடைத்துப்போனால் விசிறி சத்தம்தான் வரும், காற்று வராது.

கடைசியாக ஒன்று. கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படிந்து, காருக்குள் இனிப்பு வாசனை அடித்து, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவும் குறைந்துகொண்டே போனால் அது உங்கள் மூச்சுக்காற்றின் வேலை இல்லை. ஹீட்டருக்குள் கூலன்ட் கசிகிறது. வண்டியை மெக்கானிக்கிடம் விடுங்கள்.