'லாஜி' வந்தாலே படிப்பு இல்லீங்க

கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் போனால் கார்டியாலஜி, நெஃப்ராலஜி, நியூராலஜி என்று ஆஸ்பத்திரிப் பலகைகள் வரிசை கட்டி நிற்கும். பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வார்த்தை 'லாஜி' என்று முடிந்தால் அது ஏதோ ஒரு படிப்பு என்றே தோன்றிவிடுகிறது. பாதிதான் சரி.

மூலம் கிரேக்கத்தில் இருக்கிறது. 'லோகோஸ்' என்றால் சொல், பேச்சு, பகுத்தறிவு. 'லோகியா' என்றால் ஒன்றைப் பற்றிப் பேசுவது. துறை, ஆய்வு என்ற பொருளெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. பேச்சு என்பதை மறந்துவிட்டால் 'யூலஜி' புரியாது; அது ஒருவரைப் பற்றி நல்லவிதமாகப் பேசுவது. 'அப்பாலஜி'யும் முதலில் மன்னிப்பு அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பை எடுத்துச் சொல்வது. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் செய்தது அதைத்தான். மனுஷன் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

இந்தச் சொற்கள் எல்லாமே பழைய கிரேக்கர்கள் பேசியவை என்று நினைப்பதும் தப்பு. 'பயாலஜி' இன்றைய பொருளில் புழக்கத்துக்கு வந்ததே 1800-ஐ ஒட்டித்தான். 'சோஷியாலஜி'யில் முன்பாதி லத்தீன், பின்பாதி கிரேக்கம்.

எழுத்துப்பிழை வேறு. ஆங்கிலத்தில் 'ஓ' எழுத்தையும் சேர்த்து 'ஓலஜி'தான் விகுதி என்று மனப்பாடம் செய்தவர்கள் மினரலஜி (கனிமவியல்), ஜீனியாலஜி (வம்சாவளி ஆய்வு) இரண்டிலும் கோட்டை விடுவார்கள். அவற்றில் 'எல்' எழுத்துக்கு முன்னால் வருவது 'ஏ'.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சேரும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு குழி இருக்கிறது. எண்டமாலஜி பூச்சியியல், எடிமாலஜி சொற்பிறப்பியல். இரண்டு எழுத்து மாறினால் கத்தரிக்காய்ப் புழுவை அகராதியில்தான் தேட வேண்டும்! 'எண்டமோன்' என்றால் வெட்டு விழுந்தது. பூச்சியின் உடம்பு கண்டம் கண்டமாக இருப்பதால் அந்தப் பெயர். 'எடிமோன்' என்றால் சொல்லின் உண்மைப் பொருள். அப்புறம் அக்ரானமி. தமிழில் உழவியல் என்கிறோம் என்பதற்காக அதில் 'லாஜி'யைத் தேடக் கூடாது. அங்கே இருப்பது 'நோமி', அதாவது ஒழுங்குபடுத்தி நடத்துவது.

ப்ராஜெக்ட் எழுதும்போது 'மெத்தட்' என்று போட வேண்டிய இடத்தில் கெத்துக்காக 'மெத்தடாலஜி' போடுகிறார்கள். நொய்யல் தண்ணீரை எடுத்து உப்பு அளந்தது மெத்தட். அந்த முறை ஏன், அந்த இடத்தில் ஏன் எடுத்தோம் என்று காரணம் சொல்வதுதான் மெத்தடாலஜி.