ஆவாரையை விதையிலிருந்து வளர்க்க

ஆவாரையைப் பிடுங்கிவந்து நடாதீர்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி அது. நான் வேலியோரம் தோண்டி எடுத்துவந்த மூன்றுமே ஒரு வாரத்தில் கருகிவிட்டன. விதைதான் சரி.

தட்டையான காய்கள் பழுத்து, தாள்போல் சலசலக்கும்போது பறியுங்கள். விதையின் தோல் மிகக் கடினம். உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள், அல்லது கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு இரவு முழுவதும் விடுங்கள். காலையில் சில விதைகள் உப்பி, தோல் பளபளத்து நிற்கும். அவற்றை மட்டும் விரல்நுனி ஆழத்தில் ஊன்றுங்கள். உப்பாதவற்றை மறுபடி வெந்நீரில் போடலாம்.

இடம்தான் முக்கியம். கரட்டுமேடு, சரளை மண், நாள்முழுதும் வெயில்: ஆவாரை தானாக வளரும் இடங்கள் இவைதான். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். எருவே வேண்டாம். புரட்டாசி மழைக்கு முன் விதைப்பது என் வழக்கம்.

இலையில் பச்சைப் புழுக்களைக் கண்டால் மருந்து அடிக்காதீர்கள். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் பிள்ளைகள் அவை. செடி மீண்டும் துளிர்க்கும். பொங்கல் காப்புக்குப் பூ பறிக்கும்போது கொத்தை மட்டும் கிள்ளுங்கள், கிளையை ஒடிக்காதீர்கள்.