சோளகம் ஓயும்போது வீட்டுத்தோட்டத்தின் கணக்கைப் பார்ப்பது எப்படி

ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கிற நேரம் வன்னியில் வீட்டுத்தோட்டங்களைப் பார்க்கவே பாவமாக இருக்கும். வைகாசியிலிருந்து அடித்த சோளகம் என்ற தென்மேற்குக் காற்று இலைகளைக் கிழித்துப் போட்டிருக்கும், கிணறு அடியைத் தொட்டிருக்கும், வெண்டி ஆளுயரத்துக்கு வளர்ந்து நுனியில் ரெண்டு காயோடு நிற்கும். முதல் மழை விழுந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் பலரின் வழக்கம். கொஞ்சம் பொறுங்கள். கோடை உங்கள் வளவில் என்ன செய்தது என்பதைச் செடியிலேயே பார்க்க முடிவது மழைக்கு முந்திய இந்தச் சில கிழமைகளில்தான். மழை பெய்துவிட்டால் எல்லாம் பச்சையாகிவிடும், எது ஏன் காய்க்கவில்லை என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

கணக்கை எத்தனை கிலோ என்று பார்க்காதீர்கள், எத்தனை வாளிக்கு எத்தனை கறி என்று பாருங்கள். எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும், மிச்ச மாதங்களுக்குக் கிணறுதான் கதி. 2022இல் சாமான் விலை ஏறி, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துத் தோட்டம் செய்யச் சொன்ன காலத்தில் எங்கே பார்த்தாலும் பாத்தி கட்டினார்கள். நான் பார்த்தவரை அவற்றில் பலதைக் கைவிட வைத்தது அப்போதிருந்த உரத் தட்டுப்பாட்டை விடத் தண்ணீர்தான். ஆகவே ஒவ்வொரு பாத்திக்கும் ஒருமுறை எத்தனை வாளி, கிழமைக்கு எத்தனை முறை, அந்தப் பாத்தி கிழமைக்கு எத்தனை நாள் சட்டிக்கு வந்தது, இவ்வளவையும் குசினிக் கலண்டரில் எழுதுங்கள். குரங்கும் மயிலும் தின்றதையும் காயாகவே எண்ணுங்கள். மந்தி கொண்டுபோன பயிற்றங்காய்க்குச் செடி பொறுப்பல்ல, அது வேலிப் பிரச்சினை. என் கணக்கில் எப்போதும் முருங்கை முதலாவது, கிணற்றடிக் கழிவுத் தண்ணீரில் வளரும் பொன்னாங்காணி அடுத்தது, தக்காளி கடைசி.

தக்காளியில் பூ நிறையப் பூத்துக் கொட்டியிருந்தால் அது உங்கள் பிழையல்ல, பகல் வெயிலும் இறங்காத இரவு வெக்கையும் சேர்ந்தால் பிஞ்சு பிடிக்காது. காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்திருந்தால் பலர் நோய் என்று மருந்து அடிப்பார்கள், ஆனால் அது ஒருநாள் நிறைய ஊற்றி மூன்று நாள் காயவிட்டதால், கல்சியம் காய்க்குப் போய்ச் சேராமல் வருவது. தினமும் கொஞ்சம், அடியில் வைக்கோல் மூடாக்கு, அவ்வளவுதான் மருந்து.

மிளகாயில் இலை சுருண்டிருந்தால் எந்தப் பக்கம் சுருண்டது என்று பாருங்கள். மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிற்றுண்ணி. இரண்டும் வறட்சியில் பெருகும், மழையோடு குறையும், அதனால் அந்தச் செடியை வைத்திருக்கலாம். இலை சிறுத்து நுனியில் கொத்தாகக் குவிந்து வளர்ச்சி நின்றிருந்தால் அது வைரஸ், யோசிக்காமல் பிடுங்கி எரியுங்கள். வெண்டி இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாக வலை போட்டிருந்தாலும் அதே தீர்ப்புத்தான், வெள்ளை ஈ அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோய்விடும்.

கத்தரியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் அதை மறுபடி காய்க்க வைக்கலாம். தண்டு நோயில்லாமல் உறுதியாக இருந்தால் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மேலே எல்லாவற்றையும் சாய்வாக வெட்டுங்கள். புழு துளைத்த குருத்தும் காயும் வேலியோரம் குவிய வேண்டாம், எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். அடியைக் கொத்தி, மக்கிய மாட்டெரு ரெண்டு கை போட்டு, மழை வரும்வரை தண்ணீர் விட்டால் புதுத் தளிர் கிளம்பும். ஆனால் வெட்டுமுன் ஒன்று பார்க்க வேண்டும். இலை பச்சையாக இருக்கும்போதே வெயிலில் வாடி, மாலையிலும் நிமிராத செடி இருந்தால் அதன் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டித் தெளிந்த தண்ணீர்க் கிளாசில் தொங்கவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் பற்றீரியா வாடல். செடி போகட்டும், அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் அடுத்த போகத்துக்கு வைக்கவே கூடாது, மூன்றும் ஒரே குடும்பம்.

பாகலும் புடோலும் கொடி நிறையப் பூத்துக் காய் இல்லை என்றால், பூவின் அடியைப் பாருங்கள். கடும் வெக்கையில் ஆண் பூதான் அதிகம் வரும். குட்டிக் காய் மாதிரி அடி பருத்த பெண் பூவும் இருந்து, அது பழுத்து விழுகிறதென்றால் மகரந்தம் போய்ச் சேரவில்லை. பாகலின் ஆண் பூவைப் பறித்துக் காலையில் பெண் பூவில் தொட்டுவிடுங்கள், புடோல் பூ பொழுதுபட்டுத்தான் விரியும், அதற்கு டோர்ச்சோடு போக வேண்டும்.

சரி, மண்ணுக்கு வருவோம். செடியின் அடியில் வெள்ளையாகப் படை படிந்திருந்தால் கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறது. கடல், களப்புப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அந்தப் பாத்தியில் உடனே எதையும் நடாமல், முதல் மழைகள் கழுவும்வரை சும்மா விடுங்கள். உப்பைக் கொஞ்சம் தாங்குகிற பீட்ரூட்டை அங்கே முதலில் போட்டுப் பார்க்கலாம். பயிற்றையைப் பிடுங்காதீர்கள், தரையோடு வெட்டுங்கள், வேர் முடிச்சில் இருக்கிற நைதரசன் மண்ணிலேயே கிடக்கட்டும். கோடைக்காகத் தாழ்த்தி வைத்த பாத்திகளை இப்போதே உயர்த்திவிடுங்கள். வயலோரக் களிமண் வளவென்றால் கார்த்திகையில் தண்ணீர் நின்று எல்லாம் அழுகும். வேலியில் நிற்கிற கிளிசரியாவை (சீமைக்கிளுவை) வெட்டிக் குழையைப் பாத்திக்குள் தாழ்த்த இதைவிட நல்ல நேரம் இல்லை. மழை தொடங்கியதும் மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் அதற்கடியில் நத்தை குடியிருக்கும்.

விதை எடுப்பது வாளிக் கணக்கில் வென்ற செடியிலிருந்து. கடைசியில் மிஞ்சிய காயை விதைக்கு விடுவது எல்லோரும் செய்கிற வேலை, அப்படிச் செய்தால் பிந்திக் காய்க்கிற, நோய் பிடித்த செடிதான் பெருகும். வெண்டியும் பயிற்றையும் செடியிலேயே முற்றிக் காயட்டும். கத்தரி மஞ்சளாகப் பழுக்கும்வரை நிற்கட்டும். தக்காளி விதையைச் சாறோடு ரெண்டு மூன்று நாள் புளிக்கவிட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கடையில் வாங்கிய கலப்பின விதையென்றால் இந்த வேலை வீண், அடுத்த தலைமுறை தாய் மாதிரி வராது. விதையை நன்றாகக் காய்ந்த சாம்பலோடு போத்தலில் அடைத்துப் பெயரும் மாதமும் ஒட்டுங்கள்.

மிளகாய், கத்தரி நாற்றுமேடையைப் புரட்டாசியிலேயே கிடுகு நிழலில் போடலாம். தக்காளிக்கு அவசரம் வேண்டாம், அடைமழை அதை அழித்துவிடும். கார்த்திகையில் கூரைக்குள் தட்டில் நாற்றுப் போட்டு, பெருமழை அடங்கியபின் மார்கழிக் கடைசியில் நடுங்கள். ஆனி ஆடியில் வேப்பங்கொட்டை பொறுக்கி வைத்திருந்தால் லீற்றருக்கு 50 கிராம் பருப்பு வீதம் இடித்து இரவு ஊறவைத்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, புதுத் தளிருக்கு மாலையில் அடியுங்கள். பொறுக்காதவர்கள் அடுத்த ஆனிக்குக் கலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். செடியில் இருப்பது என்னவென்று பிடிபடவில்லை என்றால் இலையைப் பையில் போட்டுக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு எடுங்கள்.